அண்ணன் படத்துக்கு மாலை போட்டது நானில்லை அம்மா

என் கோபக்கார அம்மாவுக்கு,

கால் வலி, சுகர் மாத்திரை, ரேஷன் கடை வரிசை எதுவும் இல்லாத இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

அவர்கள் கூப்பிட்டார்கள் அம்மா. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு கூப்பிட்டார்கள். உன் நம்பருக்குத்தான் அழைப்பு வந்தது. அந்த நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. மேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏணி மேல் நின்று சிசிடிவி கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் உன் போன் அடித்தது. "சீலனின்ர அம்மாவோட கதைக்கலாமோ?" என்று இலங்கை விசாரணைக் குழுவிலிருந்து ஒரு பெண் குரல். "அவங்க இறந்துட்டாங்க" என்றேன். "அப்ப வாக்குமூலம் ஆர் தருவினம்?" என்றார். நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏணியை விட்டு இறங்கிவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைக்காமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் சாவுக்கு வைத்த ஃபிளெக்ஸ் போர்டை ஊரே பார்த்துவிட்டது. கனடா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்தவர்கள் இதையும் படிக்கட்டும். நம் கதை தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். உயிரோடு இருந்தபோது நீ எனக்கு எத்தனை தடவை சொன்னாய், நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

நீ வன்னியிலிருந்து படகேறி வந்தவள். அப்போது நான் உன் வயிற்றில். அப்பா உன் பக்கத்தில். என் அண்ணன் சீலன் படகில் இல்லை. அதற்கு முன்பே அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு திருவாதவூர் முகாம், நான் பிறந்தது, அப்பா பெயிண்ட் வேலைக்குப் போய் நெஞ்சுவலியில் போனது எல்லாம். சண்டை முடிந்தபின் அங்கே ஒரு குழு மாறி ஒரு குழு வந்தது. ஒவ்வொன்றின் பேரிலும் உண்மை என்றோ நல்லிணக்கம் என்றோ ஒரு சொல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நீ வாக்குமூலம் கொடுத்தாய். தபாலில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை, மதுரைக்கு யாரோ வந்து கேட்கிறார்கள் என்று பஸ் ஏறிப் போய் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவனுடைய பள்ளிக்கூடத்துப் படத்தை முந்தானையில் சுற்றி எடுத்துப் போனாய்.

அந்தப் படத்துக்கு நீ ஒருநாளும் மாலை போட்டதில்லை. பொட்டு வைத்ததில்லை. அப்பா படத்துக்குப் பக்கத்தில்கூட மாட்டவிட மாட்டாய். காணாமல் போனவர்களின் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். இது இந்த ஊர்க்காரனுக்கு எப்படித் தெரியும்?

சேதுவுக்குத் தெரியவில்லை. என் கூடப் படித்தவன், மேலூர் ரோட்டில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவன், உன் கையால் புட்டு தின்று வளர்ந்தவன். நீ போன அன்று யாரும் சொல்லாமலே கண்ணீர் அஞ்சலி போர்டு அடித்துக் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டான். காசு வாங்கவில்லை. இந்தப் பக்கம் அது வழக்கம்தானே அம்மா, நடுவில் செத்தவர் படம் பெரிசாக, மேலே மேகத்துக்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்கள் சின்னதாக. சேது மேகத்துக்குள் அப்பாவை வைத்தான். அவருக்குப் பக்கத்தில் சீலனை வைத்தான். இரண்டு பேருக்கும் மல்லிகை மாலை, கீழே ஒரு குத்துவிளக்கு.

உனக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் நான் அதைப் பார்த்தேன். எனக்கு முன்னால் நம் முகாம் யோகம் அக்கா பார்த்துவிட்டார். "ஐயோ, பொடியனுக்கு மாலை போட்டிட்டாங்களே! அம்மா கண்ணை மூடின கையோட இப்பிடிச் செய்திட்டாங்களே!" என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சேது ஓடி வந்தான். "மாப்ள, எங்க வீட்டுல இப்படித்தான்டா வைப்போம். அண்ணனை விட்டுட்டா அம்மா மனசு சங்கடப்படும்னு நெனச்சேன்டா. நீதானே செத்துட்டான் செத்துட்டான்னு சொல்லுவ?"

சொல்லியிருக்கிறேன். என் வாயால்தான் சொல்லியிருக்கிறேன். அவனே மேலே ஏறி, பிளேடால் அந்தச் சதுரத்தை அறுத்து எடுத்தான். சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் உன் தலைக்கு மேல் ஓட்டை விழுந்த போர்டைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அதற்குள் எவரோ போனில் படம் எடுத்து அனுப்பியாகிவிட்டது.

இனி விசாரணை நடந்ததைச் சொல்கிறேன்.

வீடியோவில் கேட்போம் என்றார்கள். வேலைக்கு லீவு போட்டேன். கரண்ட் போனால் லைன் அறுந்துவிடும் என்று நான் வேலை பார்க்கிற கடையிலிருந்து யுபிஎஸ் தூக்கி வந்தேன். உன் கட்டிலில் லேப்டாப்பை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். திரையில் இரண்டு பேர். போனில் பேசிய அந்தத் தமிழ்ப் பெண் அதிகாரி ஒருவர். சிங்களம் மட்டும் தெரிந்த வயதான ஒருவர், அவர்தான் பெரியவர் போல. நான் சொல்வதை இவர் மொழிபெயர்க்க அவர் கேட்டுக்கொண்டார்.

"சம்பவத்தை நீங்கள் நேரில கண்டீங்களோ?"

"நான் பிறக்கவே இல்லைங்க."

"வேற சாட்சி?"

"எங்க அம்மாதான் சாட்சி. அவங்க ஏற்கெனவே குடுத்திருக்காங்களே, அதை எடுத்துப் பாருங்க."

"அந்தப் பதிவுகள் எங்களிட்ட வந்து சேரேல்லை, தம்பி. முந்தின குழு வேற, இது வேற."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உனக்குத் தெரியுமே என் பொறுமை. நாங்கள் கடைகளில் வைக்கும் கேமராப் பதிவுப் பெட்டியில் இடம் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறும். பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டி, அதற்கு அம்புட்டுதான் தரம். ஒரு நாடே அப்படியா வேலை செய்யும்? அதை அப்படியே கேட்டுவிட்டேன். அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கவில்லை.

"அம்மா சொன்னது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கோ" என்றார் மெதுவாக.

ஞாபகமா? ஒவ்வொரு விசாரணைக்கு முன்னாலும் நீ அடுப்படியில் நின்று சொல்லிப் பார்ப்பாயே. ஒரு சொல் முன்பின் மாறாமல் சொல்லிச் சொல்லி எனக்குக் கணக்குப் பாடம் ஓடாமல் அடித்தாயே. ஆரம்பித்தேன். "விடியக் காலமை. மழை இருட்டு. தேத்தண்ணிக்குச் சீனி முடிஞ்சுது எண்டு நான்தான் கடைக்கு அனுப்பினனான். நீலக்கோடு போட்ட சாரம். சைக்கிள் செயின் கழண்டு கழண்டு போகும், அதால உருட்டிக்கொண்டு போனவன். சந்தியில வாகனம் நிண்டது. ஏத்தினதைக் கடைக்காரர் கண்டவர். சைக்கிள் மட்டும்தான் திரும்பி வந்தது."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அது என் பேச்சில்லை. நான் மதுரைத் தமிழ் பேசுகிறவன். 'ஊர்ப் பொடியள் மாதிரி என்னை நீ, வா, போ எண்டு கதைக்காதை' என்று நீ கடைசி வரைக்கும் திட்டிய ஆள். ஆனால் வாயிலிருந்து வந்தது நீ. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

பெரியவர் ஏதோ சொன்னார். அந்தப் பெண் தயங்கி, "இது நீங்கள் கேள்விப்பட்டது எண்டுதான் பதியலாமாம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு படத்தைத் திரையில் காட்டினார். "இன்னொண்டு. உங்கட குடும்பத்தாலயே சீலனுக்கு அஞ்சலி வெளியிட்டிருக்கிறீங்கள். அப்ப அவர் இறந்திட்டார் எண்டு நீங்கள் ஏற்றுக்கொண்டது போலத்தானே?"

சேதுவின் ஃபிளெக்ஸ். அறுப்பதற்கு முந்தியது. மேகம், மல்லிகை மாலை, குத்துவிளக்கு.

அது எப்படி அங்கே போனது என்று கேட்கிறாயா? வவுனியாவில் இருக்கிற உன் தம்பி செய்த வேலை. சாயங்காலமே மாமாவுக்குப் போன் போட்டேன். "அக்கா செத்ததுக்கு அத்தாட்சி கேட்டவங்கள், தம்பி. மரணச் சான்றிதழ் என்னட்ட இல்லை. உந்தப் படம் போனில கிடந்தது. அக்காவின்ர பேர், ஊர், திகதி எல்லாம் வடிவா இருந்தது. குடுத்திட்டன்."

"மேல இருந்ததைப் பாக்கலையா மாமா?"

"கண்ணாடி போடேல்லையடா."

யாரைத் திட்டுவது அம்மா? ஒருவன் பாசத்தில் செய்தான். ஒருவர் கண்ணாடி போடவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நீ அவன் கழுத்தில் விழவிடாமல் பிடித்துவைத்திருந்த மாலை ஒரு மதியத்தில் விழுந்துவிட்டது.

அந்தப் பெண் கடைசியில் இரண்டு வழி சொன்னார். இறந்துவிட்டதாக ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் மரணச் சான்றிதழ் வரும், நிவாரணமாக ஒரு தொகையும் வரும், விஷயம் முடியும். போடாவிட்டால் காணாமல் போனவன் என்றே திறந்து கிடக்கும், எப்போது முடியும் என்று அவரால் சொல்ல ஏலாது. யோசித்துச் சொல்லுங்கள், திரும்பக் கூப்பிடுகிறோம் என்றார். அவர் கெட்டவர் இல்லை அம்மா. அவர் கையில் கொடுத்து அனுப்பியதே அந்த இரண்டும்தான்.

நான் யோசித்தேன். யோசிப்பது என்றால் எப்படி? நீ இருந்தால் சண்டை போட்டே யோசித்திருப்பேன். "கணக்குப் போட்டுப் பாரும்மா, இருந்திருந்தா இந்நேரம் ஒரு போன் வராதா?" என்று நான் கேட்பேன். "உன்ர கணக்கை உன்ர பெட்டியோட வச்சுக்கொள்" என்று நீ சொல்வாய். "செத்துட்டான்மா." "நீ கண்டனியே?" அதோடு சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவேன். இப்போது நான் 'செத்துட்டான்' என்று சொன்னால் வீட்டில் மறுப்பதற்கு ஆளில்லை. அந்தச் சொல் சுவரில் பட்டு அப்படியே என்னிடம் வருகிறது. என் கணக்கு சரியாக இருக்கிறது. சரியாக இருப்பது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முகாமில் மாதாந்தரச் செக்கிங்குக்கு இப்போது நான் ஒருத்தன்தான் போய் நிற்கிறேன். ஒரு பேர் வாசிக்கிறார்கள், இருக்கேன் என்கிறேன், வந்துவிடுகிறேன். நீ போன மறுவாரமே கார்டில் உன் பேரை அடித்துவிட்டார்கள். தப்பில்லை, நடைமுறை. ஒரு கிழவி செத்ததை எழுதிக்கொள்ள இங்கே ஒரு வாரம் போதுமாக இருக்கிறது. ஒரு பையனுக்கு என்ன ஆனது என்று எழுத அங்கே என் வயது முழுவதும் போதவில்லை.

சேது வந்தான். அந்த நாளிலிருந்து அவன் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே பேசினான்.

"மாப்ள, கெடந்து உருட்டாத. ஒரு கையெழுத்து. போட்டுட்டு வேலையப் பாரு. அவரு செத்துட்டாருன்னு உனக்கே தெரியும்ல?"

"தெரியும்."

"பெறகென்னடா?"

"போடா வெண்ணெய்" என்றேன். "போறேன் போறேன், கறிக்கொழம்பு கொண்டாந்தேன், அதையாச்சும் தின்னு" என்று தூக்குவாளியைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

யோகம் அக்காவிடம் போனேன். அவருடைய வீட்டுக்காரரும் அப்படித்தான் போனவர், உனக்குத் தெரியும். அக்கா சில வருஷங்களுக்கு முன் நாத்தனார் மூலமாக அவர் இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டார். நீ அதற்காக அவரோடு ஒரு பொங்கல் முழுக்கப் பேசாமல் இருந்தாய். "போடட்டுமா அக்கா?" என்றேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"காசு வந்தது, தம்பி. மூத்தவளின்ர கலியாணத்துக்கு உதவிச்சுது. நான் செய்தது பிழை எண்டு சொல்ல மாட்டன். ஆனா கையெழுத்து வச்ச பிறகு ஒருத்தரும் என்னட்ட அவரைப் பற்றிக் கேக்கேல்லை. கேக்காததால நானும் கதைக்கிறதை விட்டிட்டன். இப்ப அவற்ற குரல் எப்பிடி எண்டு எனக்கே தெரியேல்லை."

அதற்குப் பிறகு மீனைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவ ஒன்றும் மிச்சமில்லை.

எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு கடையில் திருட்டு நடந்தால் நான் முதலில் பார்ப்பது, கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை. இந்த விசாரணை அத்தனையிலும் அது உன் முகத்துக்குத்தான் திரும்பியிருந்தது. நீ அழுதது பதிவானது. நீ தண்ணீர் குடித்தது பதிவானது. சந்தியில் நின்ற வாகனத்தை ஓட்டியவனின் பக்கம், ஏற்று என்று சொன்னவனின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கேள்வி கேட்கப் போனவள் நீ. உன்னையே கேள்வி கேட்டு அனுப்பினார்கள். கடைசியில், அவர்கள் சொல்ல வேண்டிய பதிலையும் நாமே எழுதித் தரவேண்டும் என்கிறார்கள். நல்லிணக்கம் என்றால் இரண்டு தரப்பு வேண்டுமே அம்மா. நம் தரப்பு நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் நாற்காலியில் யார்?

அண்ணனுக்கே இப்படி ஒரு கடிதம் எழுதலாமா என்றுகூட நினைத்தேன். பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. இந்த மாதிரிக் கடிதம் போய்ச் சேர்ந்தவர்களுக்கு எழுதுவது. அவனுக்கு எழுதினால் நானும் ஒரு மாலை போட்டதாகிவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் உன் தலையில் கொட்டுகிறேன்.

நேற்றுத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதே இருவர். யோசித்தீர்களா என்றார் அந்தப் பெண்.

"மேடம், என் அண்ணன் உயிரோட இல்லைன்னுதான் நான் நெனைக்கிறேன். ரொம்ப வருஷமா அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா நான் நெனைக்கிறதை வச்சு உங்க வேலையை முடிக்காதீங்க. செத்துட்டான்னா, எங்க வச்சு, யார் கையால, ஒடம்பு எங்க இருக்குன்னு நீங்க எழுதுங்க. எழுதி அனுப்புங்க. அதுக்குக் கீழ அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன். காசு ஒரு ரூபா வேணாம். அந்த போர்டு எங்க குடும்பம் வச்சது இல்ல, என் ஃப்ரெண்டு தெரியாம வச்சது. அதையும் எழுதிக்கங்க."

இந்தத் தடவை எதையும் விடாமல் மொழிபெயர்த்தார் என்று நினைக்கிறேன். நான் பேசியதைவிட அவர் பேசியது நீளமாக இருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பிடியெண்டால் இது முடியாமல் கிடக்கும், தம்பி."

"கெடக்கட்டும்."

"உங்களுக்கு எத்தினை வயசு?"

சொன்னேன்.

"கலியாணம்?"

"ஆகலை."

பிறகு கேட்டார். "உங்களுக்குப் பிறகு இதைக் கேட்க ஆரும் இருக்கினமோ?"

விசாரணைக்காகக் கேட்டாரா, அவராகக் கேட்டாரா என்று தெரியவில்லை. இல்லை என்றேன். திரை அணைந்தது. உன் கட்டிலுக்கு எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த உலகத்தில் சீலனைத் தேடிக்கொண்டிருக்கிற ஆள் இப்போது ஒரே ஒருத்தன். அந்த ஒருத்தனுக்கு அவன் முகம் படத்தில்தான் தெரியும். அண்ணன் என்னை என்னவென்று கூப்பிட்டிருப்பான் என்று தெரியாது. தம்பி என்றா, பேர் சொல்லியா, இல்லை சும்மா டேய் என்றா? இதை உன்னிடம் கேட்டுவைக்காமல் விட்டுவிட்டேனே.

பொழுது சாய்வதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு சேதுவின் கடைக்குப் போனேன். யாரோ ஒரு கட்சிக்காரருக்குப் பிறந்தநாள் போர்டு ஓடிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்தச் சொன்னேன். "என்ன மாப்ள, அடிக்க வந்தியா?" என்றான். "உக்காரு. அண்ணனுக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கு முழுசாத் தெரியாதுல்ல? சொல்றேன். அப்புறம் நீ எனக்குத் திருப்பிச் சொல்லணும். தப்பு விட்டா மறுபடி முதல்ல இருந்து." அவன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதல் தடவை நாலைந்து இடத்தில் தப்பினான். சாரம் என்றால் கைலி என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை மழை இருட்டைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. நான் நிறுத்தவில்லை, மேலே சொல்லு என்றேன்.

அம்மா, உனக்குத் திதி கொடுப்பேன், வருஷம் தவறாமல் கொடுப்பேன். அண்ணனுக்குக் கொடுக்க மாட்டேன், எங்கே என்று அவர்கள் சொல்லுகிற வரைக்கும். எந்தக் குழு எந்தப் பேரில் கூப்பிட்டாலும் போய் உட்காருவேன். கேள்விப்பட்டது என்று எழுதினாலும் சொல்வேன். கோபப்படாமல் சொல்வேன் என்று மட்டும் சத்தியம் பண்ண முடியாது. எனக்குப் பிறகு கேட்க ஒரு ஆள் இருக்கிறான் என்று அடுத்த தடவை அந்தப் பெண்ணிடம் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் வயிற்றில் கடல் தாண்டி வந்த கடைக்குட்டி,
சீலனின் தம்பி.